கர்ப்பப்பையை எடுத்த பின் அடி இறங்காமல் இருக்க: எந்த வழி யாருக்கு?

"கர்ப்பப்பையையே எடுத்தாயிற்று, இனி இறங்குவதற்கு உள்ளே என்ன இருக்கிறது?" என்று என் பெரியம்மா கேட்டார். அப்போது அவருக்கு வயது 66. அதிக உதிரப்போக்கு என்று சொல்லிக் கர்ப்பப்பையை எடுத்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. கீரைப் பாத்தியில் குந்தி உட்கார்ந்து களை பறித்துவிட்டு எழுந்தபோது, தொடைகளுக்கு நடுவே பந்து போல் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. அதை ஐந்தாறு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, சிறுநீர் சரியாகப் பிரியாத நிலை வந்த பிறகுதான் வாய் திறந்தார். மருத்துவரிடம் போகும்போது பழைய காகிதங்களைத் துணிக்கடை மஞ்சள் பையோடு எடுத்துச் சென்றோம். அதிலிருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் கர்ப்பப்பை அகற்றப்பட்டது, தையல் பிரிக்க எட்டாம் நாள் வரவும் என்ற இரண்டு செய்திகளைத் தவிர வேறொன்றும் இல்லை. யோனியின் மேல்முனையை எப்படி மூடினார்கள், மூடியதை எதோடு சேர்த்துக் கட்டினார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. இந்த அறுவை சிகிச்சைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் பெண் ஒருத்தி முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றுள் முதன்மையானது அந்த எழுதப்படாத வரிதான் என்பது என் கருத்து.

பெரியம்மாவின் கேள்விக்கு விடை எளிது. கர்ப்பப்பை தனியாக ஓரிடத்தில் பொருத்தி வைக்கப்பட்ட உறுப்பு அன்று. அதன் வாய்ப்பகுதியிலிருந்து பக்கவாட்டிலும் பின்புறமாகவும் புறப்படும் நார்கள், இடுப்புக்கூட்டின் சுவர்களையும் சேக்ரம் எனப்படும் முதுகெலும்பின் அடி எலும்பையும் பற்றிக்கொண்டு, கர்ப்பப்பையையும் யோனியின் மேல்முனையையும் சேர்த்தே தூக்கிப் பிடித்திருக்கின்றன. உறியில் தொங்கும் சட்டிக்குக் கீழே ஒரு பலகையும் முட்டுக் கொடுத்திருப்பதாக எண்ணிக்கொள்ளலாம்: உறிக்கயிறு இந்த நார்கள், பலகை இடுப்புத் தளத் தசைகள். பிரசவத்தில் பலகை தளர்ந்தாலும் கயிறு சில காலம் தாங்கும்; ஆனால் எந்நேரமும் கயிறு மட்டுமே தாங்க நேர்ந்தால் அது நீண்டுகொண்டே போகும். முழுக் கர்ப்பப்பையையும் எடுக்கும்போது இந்த நார்களை வெட்டாமல் எடுக்க முடியாது. வெட்டிய நுனிகளை மீண்டும் யோனியின் மேல்முனையோடு சேர்த்துத் தைக்காமல் விட்டால், மருத்துவர்கள் 'வால்ட்' என்று குறிப்பிடும் அந்தக் கூரை கயிறறுந்த சட்டியாகப் பலகையின் மேல் உட்கார்ந்துவிடும். சட்டைப் பையின் உட்புறத்தை வெளியே இழுத்தால் எப்படிப் பிதுங்குமோ, அப்படி ஆண்டுகள் செல்லச் செல்ல அது கீழே பிதுங்கி வரும். அதனோடு முன்பக்கத்தில் மூத்திரப்பையும், பின்பக்கத்தில் மலக்குடலும், சில வேளைகளில் குடலின் ஒரு மடிப்பும் இறங்கும். அமெரிக்க மருத்துவர் ஜான் டிலான்சி 1992இல் இந்தத் தாங்குதலை மேல், நடு, அடி என மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். இன்று செய்யப்படும் தடுப்பு முறைகள் ஒவ்வொன்றும் இந்த மூன்றில் எதைப் பழுது பார்க்கிறது என்று கேட்டாலே, எந்த முறையிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது பாதி விளங்கிவிடும்.

எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை

ஒப்பிடுவதற்கு முன்னால் பெண்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கட்டி, உதிரப்போக்கு போன்ற காரணங்களுக்காகக் கர்ப்பப்பையை எடுப்பவர்கள் ஒரு வகை. ஏற்கெனவே கர்ப்பப்பை இறங்கியிருப்பதால் எடுப்பவர்கள் மற்றொரு வகை. இத்தாலியில் 1999இல் வெளிவந்த ஆய்வொன்றில் முதல் வகையினரில் 1.8 விழுக்காட்டினருக்கும் இரண்டாம் வகையினரில் 11.6 விழுக்காட்டினருக்கும் பின்னாளில் யோனிக் கூரை இறங்கியது. பிரிட்டனில் 17,000 பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு, கர்ப்பப்பை எடுத்த பிறகு இறக்கத்துக்காக மீண்டும் அறுவை சிகிச்சை செய்யவேண்டி வரும் வாய்ப்பு மூன்றாம் ஆண்டில் 1 விழுக்காடாகவும் பதினைந்தாம் ஆண்டில் 5 விழுக்காடாகவும் இருந்ததைக் காட்டியது. முதலிலேயே இறக்கத்துக்காக எடுத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்தரை மடங்கு. அதாவது இரண்டாம் வகைப் பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுப்பது நோயின் ஓர் அறிகுறியை எடுப்பதுதான். தளர்ந்த கயிறும் பலகையும் அப்படியே உள்ளே இருக்கின்றன. "இறங்குகிற பொருளையே எடுத்துவிட்டால் தீர்ந்தது" என்று உறவினர்கள் மட்டுமல்ல, சில மருத்துவர்களும் இன்றும் பேசிக் கேட்கிறேன்.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்டுகள் கூடக் கூட வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே முப்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையை எடுத்தவருக்கும் ஐம்பத்தைந்து வயதில் எடுத்தவருக்கும் முன்னால் இருக்கும் காலம் ஒன்றன்று.

எடுப்பதா, வைத்துக்கொள்வதா

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 3.3 விழுக்காட்டினர் கர்ப்பப்பையை எடுத்திருந்தனர். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இந்த அளவு நாட்டிலேயே மிக அதிகம். தேவையற்ற கர்ப்பப்பை அகற்றங்களைத் தடுக்க மத்திய சுகாதாரத் துறை வகுத்த வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிடும் அளவுக்கு இது வளர்ந்திருக்கிறது. உதிரப்போக்கு மட்டுமே காரணமாக இருந்து, புற்றுநோய்க்கான ஐயம் இல்லையென்றால், மிரினா என்ற பெயரில் பலரும் அறிந்த, லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்துப் பார்ப்பதே முதற்படி. அது பலனளித்தால் நார்களை வெட்ட வேண்டிய தேவையே எழுவதில்லை. பெரிய கட்டிகள் கர்ப்பப்பையின் உட்குழியை உருமாற்றியிருந்தால் இந்தச் சாதனம் நிற்காமல் நழுவி விழக்கூடும் என்பதால் இது எல்லாருக்கும் பொருந்தாது.

இறக்கத்துக்காக வருபவர்களுக்கும் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே சரிசெய்யும் வழிகள் உண்டு. நம் ஊரில் பலருக்கு இதைச் சொல்வதே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொடங்கிய மான்செஸ்டர் அறுவை சிகிச்சையில், நீண்டுபோன கர்ப்பப்பை வாயின் ஒரு பகுதியை வெட்டிவிட்டு, பக்கவாட்டு நார்களை முன்பக்கம் இழுத்துத் தைத்துக் கர்ப்பப்பையை உயர்த்துகிறார்கள். மற்றொரு முறையில் கர்ப்பப்பை வாயைச் சேக்ரோஸ்பைனஸ் என்ற உறுதியான நாரோடு கட்டிவிடுகிறார்கள். நெதர்லாந்தில் 208 பெண்களிடம் நடந்த ஆய்வில், இந்த இரண்டாவது முறையும் யோனி வழியாகக் கர்ப்பப்பையை எடுத்து நார்களைக் கட்டும் முறையும் நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டன. ஐந்தாண்டு முடிவில் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டவர்கள் எவ்விதத்திலும் பின்தங்கவில்லை. அதே நாட்டில் 434 பெண்களிடம் நடந்து 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, கர்ப்பப்பையைக் காக்கும் இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டது. இரண்டு ஆண்டுகளில் மான்செஸ்டர் முறையில் 87 விழுக்காட்டினருக்கும் சேக்ரோஸ்பைனஸ் முறையில் 77 விழுக்காட்டினருக்கும் வெற்றி. நூறாண்டுக்கு முந்தைய முறை என்று பல நாடுகளில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த ஒன்று இப்படி முன்னால் வந்தது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் கர்ப்பப்பை யோனி வாசலைத் தாண்டி வெளியே வந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். முழுவதும் வெளியே வந்துவிட்ட நிலைக்கு அந்த எண்களை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

குழந்தை வேண்டும் என்றிருக்கும் இளம்பெண்களுக்குக் கர்ப்பப்பையை நாடா போன்ற பட்டையால் தொங்கவிடும் அறுவை சிகிச்சைகளை வகுத்ததில் பம்பாய் மருத்துவர்களான ஷிரோத்கரும் புரந்தரேயும் முன்னோடிகள். இன்றும் நம் மருத்துவக் கல்லூரிகளில் அவர்கள் பெயராலேயே அவை கற்பிக்கப்படுகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு உதிரம் பட்டவர்கள், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் மாற்றம் காணப்பட்டவர்கள், மரபுவழியாகப் புற்றுநோய் வாய்ப்பு மிகுந்தவர்கள் ஆகியோர் கர்ப்பப்பையை வைத்துக்கொள்ளும் வழியை விட்டுவிடுவதே நல்லது.

கர்ப்பப்பையின் உடலை மட்டும் எடுத்துவிட்டு வாய்ப்பகுதியை விட்டுவைத்தால் நார்கள் வெட்டுப்படாது, அதனால் இறங்காது என்ற வாதம் கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. பிரிட்டனில் 279 பெண்களிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2002இல் வெளிவந்த ஆய்வில், சிறுநீர், மலம், தாம்பத்தியம் ஆகிய மூன்றிலும் இரு தரப்பாருக்கும் வேறுபாடு இல்லை. வாயை விட்டுவைத்தவர்களில் சுமார் 7 விழுக்காட்டினருக்கு மாதந்தோறும் சிறிது உதிரம் தொடர்ந்தது. 2 விழுக்காட்டினருக்கு அந்த வாயே இறங்கியது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மிகுந்த நம் நாட்டில், ஒழுங்காகப் பரிசோதனைக்கு வர இயலாத பெண்ணுக்கு வாயை விட்டுவைப்பது இன்னொரு கவலையையும் விட்டுவைப்பதாகும். இறக்கத்தைத் தடுக்கும் நோக்கத்துக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே பிரிட்டன் மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதலும்.

மூடும் நேரத்துத் தையல்

இனி வருவதே இந்த ஒப்பீட்டின் மையம். கர்ப்பப்பையை எடுத்து வெளியே வைத்த பிறகு, கூரையை மூடும் அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்கிறார்கள்? வெறுமனே விளிம்புகளைச் சேர்த்துத் தைத்துவிட்டு வெளியே வரலாம். வயிறு வழியாகச் செய்தாலும், லேப்ராஸ்கோப்பியில் செய்தாலும், யோனி வழியாகவே எடுத்தாலும் இது நடக்கக்கூடியதுதான். மயக்கத்திலிருந்து விழித்த பெண்ணுக்கு வலியிலோ தழும்பிலோ எந்த வேறுபாடும் தெரியப்போவதில்லை. வேறுபாடு தெரிய பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம்.

வெறும் மூடலைவிட ஒரு படி மேலானது, வெட்டிய பின்புற நார்கள் (யூட்டெரோசேக்ரல்), பக்கவாட்டு நார்கள் (கார்டினல்) ஆகியவற்றின் நுனிகளைக் கூரையின் இரு மூலைகளோடும் சேர்த்துத் தைப்பது. வயிறு வழியாகவோ லேப்ராஸ்கோப்பியிலோ செய்துகொள்பவர்களுக்கு இதுதான் குறைந்தபட்சத் தேவை. கூடுதல் செலவு கிடையாது, கூடுதல் நேரமும் மிகச் சிறிது.

யோனி வழி அறுவையில் அதற்கும் மேலான ஒன்று மெக்கால் தையல். மில்டன் மெக்கால் என்ற அமெரிக்க மருத்துவர் 1957இல் விளக்கிய இந்த முறையில், ஊசி யோனியின் பின்சுவர் வழியாக உள்ளே நுழைகிறது. ஒரு பக்கத்து யூட்டெரோசேக்ரல் நாரைக் கோத்துக்கொண்டு, மலக்குடலை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் இரண்டு மூன்று இடங்களில் எடுத்து, மறுபக்கத்து நாரையும் கோத்து, நுழைந்த இடத்துக்கு அருகிலேயே மீண்டும் யோனிக்குள் வருகிறது. முடிச்சை இறுக்கும்போது ஒரே நேரத்தில் மூன்று வேலைகள் முடிகின்றன. இரண்டு நார்களும் நடுவில் வந்து சேருகின்றன. யோனிக்கும் மலக்குடலுக்கும் நடுவே குடல் இறங்கும் பள்ளம் அடைபடுகிறது. கூரை மேலும் பின்னுமாக இழுபட்டுத் தன் பழைய சாய்வுக்குத் திரும்புகிறது. 1999இல் 100 பெண்களிடம் மூன்று மூடல் முறைகளை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில், பள்ளத்தைச் சுருக்குப்பை போல் வளைத்துத் தைக்கும் மாஸ்கோவிட்ஸ் முறையையும் வெறும் சவ்வு மூடலையும்விட மெக்கால் தையலே மூன்றாண்டு முடிவில் அந்தப் பள்ளத்தில் குடல் இறங்குவதைத் தெளிவாகக் குறைத்திருந்தது. ஒன்றிரண்டு தையல் நூலுக்கு மேல் செலவில்லாத இந்த வேலையை, யோனி வழியாகக் கர்ப்பப்பை எடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் செய்துவிடலாம் என்றே நான் கருதுகிறேன். எதிர்வாதம் ஒன்று உண்டு: சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு வரும் மூத்திரக் குழாயை நூல் வளைத்துவிடும் அபாயம். தையல் முடிந்ததும் கேமராவை மூத்திரப்பைக்குள் விட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் சிறுநீர் பீச்சி வருகிறதா என்று பார்த்துவிட்டால், வளைந்திருந்தாலும் அங்கேயே நூலை வெட்டிச் சரிசெய்துவிட முடியும்.

ஏற்கெனவே நன்றாக இறங்கிய பெண்ணுக்கு இந்தத் தையல் போதுமா என்பதை அறுவை மேசையிலேயே சோதித்துப் பார்க்கிறார்கள். மூடும் நேரத்தில் கூரையை இடுக்கியால் பற்றி மெல்ல இழுக்கிறார்கள். அது யோனி வாசல் வரை வந்துவிட்டால், மெக்காலைவிட உறுதியான பிடிப்பு தேவை என்று பொருள். அங்கே இரண்டு வழிகள் பிரிகின்றன: நார்களை இன்னும் உயரத்தில், வலுவான பகுதியில் பிடித்துக் கட்டும் உயர் யூட்டெரோசேக்ரல் முறை, இடுப்புக்கூட்டின் பின்பகுதியில் உள்ள சேக்ரோஸ்பைனஸ் நாரில் கூரையைக் கட்டும் முறை. 374 பெண்களிடம் இந்த இரண்டையும் ஒப்பிட்ட ஆப்டிமல் என்ற அமெரிக்க ஆய்வு 2014இல் வெளிவந்தது. இரண்டாண்டில் இரண்டும் ஏறத்தாழச் சமம். பக்க விளைவுகள்தான் வேறு வேறு: மூத்திரக் குழாய் அடைப்பு முதல் முறையில் 3.2 விழுக்காடு, இரண்டாவதில் ஒருவருக்கும் இல்லை. சிகிச்சை தேவைப்பட்ட நரம்பு வலி முதல் முறையில் 6.9 விழுக்காடு, இரண்டாவதில் 12.4 விழுக்காடு. சேக்ரோஸ்பைனஸ் நாருக்கு அருகே நரம்புகளும் இரத்தக் குழாய்களும் நெருங்கி ஓடுவதால், புட்டத்தில் சுளுக்கென்று குத்தும் வலி சிலருக்குச் சில வாரம் நீடிக்கும். அந்த முறை கூரையைப் பின்னோக்கி இழுத்துவிடுவதால், காலப்போக்கில் முன்சுவரும் மூத்திரப்பையும் இறங்கக்கூடும். எனவே மூத்திரப்பை இறக்கமே முதன்மையாக உள்ளவருக்கு நான் உயர் யூட்டெரோசேக்ரல் முறையின் பக்கம் சாய்வேன். முன்பே சிறுநீரகத்திலோ மூத்திரக் குழாயிலோ கோளாறு உள்ளவருக்குச் சேக்ரோஸ்பைனஸ். இதையெல்லாம்விட, செய்யப்போகும் மருத்துவரின் கை எதில் பழகியிருக்கிறது என்பது பெரிது.

இதே ஆய்வின் ஐந்தாண்டு முடிவு பலரையும் சோர்வடையச் செய்தது: கண்டிப்பான அளவுகோலின்படி முதல் முறையில் 61.5, இரண்டாவதில் 70.3 விழுக்காடு தோல்வி. இந்த எண்ணைப் படித்துவிட்டு அறுவை சிகிச்சையே வீண் என்று முடிவுகட்டுவது தவறாகும். பரிசோதனையில் தெரிந்த இறக்கம், பெண் உணர்ந்த தொந்தரவு, மறு சிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் தோல்வி என்று கணக்கிட்டார்கள். பெண்கள் தாங்களே சொன்ன தொந்தரவு, அறுவைக்கு முன்னிருந்ததைவிட ஐந்தாண்டிலும் குறைவாகவே இருந்தது. ஆனாலும் நார் நாராகவே இருக்கிறது, அது மீண்டும் நீளும் என்ற உண்மையை அந்த எண் மறைக்கவில்லை.

நாரை நம்பாமல், பாலிப்ரோப்பிலின் வலைத் துண்டால் கூரையைச் சேக்ரம் எலும்பின் முன்புறத்தில் தொங்கவிடும் சேக்ரோகால்போபெக்ஸி இருப்பவற்றுள் மிக உறுதியானது. கர்ப்பப்பையை எடுத்தபின் கூரை முற்றாக இறங்கியவர்களுக்கு யோனி வழி முறைகளைவிட இதன் பலன் மேல் என்பது பல ஆய்வுகளின் முடிவு. விலையும் அதற்கேற்றது: ஏழாண்டுப் பின்தொடர்தலில் பத்தில் ஒருவருக்கு வலையோ நூலோ யோனிச் சுவரைத் துளைத்து வெளித்தெரிந்தது. இறக்கமே இல்லாத பெண்ணுக்கு முன்னெச்சரிக்கையாக இதைச் செய்வது, ஓட்டைக் குடிசைக்கு ரயில் தண்டவாளத்தால் தூண் போடுவது போன்றது. யோனி வழியாகவே வைக்கப்படும் வலைகளின் விற்பனையை இறக்கச் சிகிச்சைக்காகத் தொடரக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. வயிறு வழியாக வைக்கும் வலைக்கு அந்தத் தடை இல்லை. "வலை வைக்கிறோம்" என்று யாராவது சொன்னால், எந்த வழியாக என்பதுதான் முதற் கேள்வி.

கூரையை மட்டும் கட்டிவிட்டு, அகன்று கிடக்கும் வாசலை அப்படியே விட்டுவைப்பதும் ஒரு குறைதான். பிரசவத்தில் கிழிந்து சரியாகச் சேராத வாசல் தசை, நான்கு சென்டிமீட்டருக்கும் மேல் திறந்து கிடந்தால், மேலே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மீண்டும் இறங்கும் வாய்ப்பு கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. வாசல் தசையைச் சேர்த்துத் தைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அளவுக்கு மீறி இறுக்கினால் தாம்பத்தியத்தில் வலி வரும் என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு

அர்னால்டு கெகல் 1948இல் எழுதிய இடுப்புத் தளப் பயிற்சிகளை இன்று எல்லாரும் பரிந்துரைக்கிறார்கள். நானும் பரிந்துரைப்பேன், ஆனால் அளவோடு. ஆப்டிமல் ஆய்வில் பாதிப் பெண்களுக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் முறையான பயிற்சி அளிக்கப்பட்டது. ஈராண்டிலும் ஐந்தாண்டிலும், பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இறக்கத்தில் வேறுபாடு இல்லை. பயிற்சி பலகையை வலுப்படுத்தும். அறுந்த கயிற்றை முடிச்சுப்போடாது. அறுவை செய்யாத, இலேசான இறக்கம் உள்ளவர்களுக்குத் தொந்தரவு குறைகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் அத்தகையவர்களுக்குக் குறைந்தது 16 வாரம் பயிற்சியாளர் மேற்பார்வையில் செய்யச் சொல்கிறது.

மேற்பார்வை என்ற சொல் முக்கியமானது. என் பெரியம்மாவின் மகள், அதாவது என் அக்கா, தன் தாயின் நிலையைப் பார்த்துப் பயந்து ஆறு மாதம் தானாகவே பயிற்சி செய்துவந்தார். பிசியோதெரபி நிபுணர் அவரைப் படுக்கவைத்து, கையில் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்து, "இப்போது செய்யுங்கள்" என்றார். அக்கா மூச்சைப் பிடித்தார், வயிறு கல்லாயிற்று, கண்ணாடியில் வாசல் உள்ளிழுப்பதற்குப் பதிலாக வெளியே பிதுங்கியது. ஆறு மாதமாக அவர் செய்ததெல்லாம் முக்கல். சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளும் மேலுமாக இழுக்க வேண்டும். மூச்சு தடைபடக் கூடாது. வயிறும் புட்டமும் தளர்ந்தே இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வினாடி பிடித்து, அதே அளவு நேரம் விட்டு, எட்டிலிருந்து பன்னிரண்டு முறை செய்வது ஒரு சுற்று. நாளுக்கு மூன்று சுற்று.

மலச்சிக்கலுக்கும் தீராத இருமலுக்கும் சிகிச்சை பெறுவது, உடல் எடையைக் குறைப்பது ஆகியவை எல்லா வகைப் பெண்களுக்கும் பொதுவானவை. இவற்றால் கெடுதல் எதுவுமில்லை. அறுவைக்குப் பின் ஆறு வாரம் கனமான பொருளைத் தூக்காமல் இருக்கச் சொல்வது வழக்கம். வாழ்நாள் முழுவதும் குடம் தூக்கவே கூடாது என்று சிலர் சொல்வதற்கு அவ்வளவு உறுதியான அடிப்படை இல்லை. கூலி வேலையை நம்பியிருக்கும் பெண்ணிடம் அப்படிச் சொல்வது அறிவுரை ஆகாது. மாதவிடாய் நின்றவர்களுக்குத் தரப்படும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு வறட்சிக்கு நல்லது. இறக்கத்தைத் தடுக்கும் என்ற எதிர்பார்ப்போடு அதைப் போடத் தேவையில்லை.

யாருக்கு எது

நாற்பத்தைந்து வயதுக்குட்பட்டவர், உதிரப்போக்கு மட்டும், இறக்கம் இல்லை என்றால் முதலில் ஹார்மோன் சாதனம். அது தவறினால், எந்த வழியாக எடுத்தாலும் நார்களைக் கூரையோடு சேர்த்துத் தைப்பது. வலையும் வேண்டாம், உயர்பிடிப்பும் வேண்டாம். யோனி வழியாகச் சுகப்பிரசவங்கள் பல ஆனவர், இலேசாக இறங்கத் தொடங்கியிருக்கிறார், ஆனால் அறுவைக்கான காரணம் வேறு என்றால், என் முடிவு சற்று மாறும். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய ஸ்வீடன் நாட்டுக் கணக்கில், கர்ப்பப்பை எடுத்த பிறகு இறக்க அறுவை தேவைப்படும் ஆபத்து பல பிரசவம் கண்டவர்களுக்கே மிகக் கூடுதலாக இருந்தது. இவருக்கு மெக்காலோ அதற்கு இணையான பிடிப்போ கட்டாயம். வாசல் தசையையும் பார்க்க வேண்டும்.

இறக்கமே காரணம், கர்ப்பப்பை வாசலைத் தாண்டவில்லை, வேறு நோயில்லை என்பவரிடம் மான்செஸ்டர் முறையைப் பற்றிக் கேட்கச் சொல்வேன். முழுவதும் வெளியே வந்துவிட்டவருக்கு, எடுப்பதானால் எடுக்கும் அதே அறுவையிலேயே உயர் யூட்டெரோசேக்ரல் அல்லது சேக்ரோஸ்பைனஸ் பிடிப்பு வேண்டும். "இப்போது எடுப்போம், இறங்கினால் பிறகு பார்ப்போம்" என்பதை ஏற்கக் கூடாது. எழுபதைக் கடந்து, இதய நோயும் இருந்து, தாம்பத்தியம் முடிந்துபோனவர்களுக்கு யோனியையே அடைத்துவிடும் லெஃபோர்ட் அறுவை 1877 முதல் இருக்கிறது. குறைந்த நேரத்தில் முடிவது, மீண்டும் இறங்குவதும் அரிது. ஆனால் திரும்பப் பெற இயலாதது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சிலவே: கூரையை எதோடு கட்டுவீர்கள், மூடியபின் இழுத்துப் பார்ப்பீர்களா, மூத்திரக் குழாயைச் சோதிப்பீர்களா, செய்ததை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தருவீர்களா. கடைசிக் கேள்விக்கு மறுப்பு வந்தால், அறுவைக் குறிப்பின் நகலையாவது கேட்டு வாங்கிவிடலாம். நோயாளிக்கு அதைப் பெறும் உரிமை உண்டு.

பெரியம்மா மறு அறுவைக்குச் சம்மதிக்கவில்லை. அதற்குப் பதிலாக, இறங்குவதைத் தாங்க யோனிக்குள் வைக்கும் பெசரி என்ற சாதனத்தை வைத்தார்கள். முதலில் வைத்த வளையப் பெசரி, கர்ப்பப்பை வாய் இல்லாத கூரையில் பிடிமானமின்றி இரண்டாம் நாளே கழிவறையில் நழுவிவிட்டது. அடுத்து, காளான் போல் தட்டும் தண்டும் கொண்ட கெல்ஹார்ன் பெசரியை வைத்தார்கள், அது நின்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் கழற்றிக் கழுவி மாட்டிக்கொண்டு வருகிறார். கீரைப் பாத்திக்கும் போகிறார், குந்தி உட்காராமல் சிறு முக்காலி போட்டுக்கொண்டு.